அந்த 4300 இலக்க வரம்பைப் பூஜ்ஜியம் ஆக்காதீர்கள்

போன வாரம் பாதுகாப்புச் சோதனைக்கு வந்த பைத்தான் நிரலிலும் அதே வரி. எழுத்தை முழு எண்ணாக்கும்போது இயல்பாக 4300 இலக்கத்துக்கு மேல் போனால் பைத்தான் மறுத்து 'வேல்யூ எரர்' (மதிப்புப் பிழை) தரும். அந்த வரம்பைப் பூஜ்ஜியம் ஆக்கி, அதாவது வரம்பே இல்லாமல் செய்து, 'வேல்யூ எரர் வருகிறது, அதனால் எடுத்தாயிற்று' என்று பக்கத்தில் குறிப்பு வேறு. இதை இன்னும் எத்தனை இடத்தில்தான் பார்ப்பது?

அந்த எரர் உங்களைத் தொந்தரவு செய்ய வந்ததல்ல. சிவிஇ-2020-10735 என்று பதிவான பாதுகாப்பு ஓட்டையை, அதாவது மிகப் பெரிய எண்ணை அனுப்பியே சேவையை முடக்கும் வழியை அடைக்க, 2022 செப்டம்பரில் 3.7 முதல் 3.10 வரையிலான பதிப்புகளில் சேர்த்த வரம்பு அது. எழுத்தாக வரும் தசம எண்ணை முழு எண்ணாக்கும்போது இலக்கம் பத்து மடங்கானால் நேரம் நூறு மடங்காகும். 1 லட்சம் இலக்கத்துக்கு 50 மில்லி விநாடி, 10 லட்சத்துக்கு 5 விநாடி என்று அந்த அறிவிப்பிலேயே இருக்கிறது. 3.12-இல் வழிமுறையை வேகப்படுத்திய பிறகும் வரம்பை எடுக்கவில்லை.

இதைச் சொன்னால் உடனே வரும் பதில்: "எங்களிடம் ஃபயர்வால் (தப்பான கோரிக்கைகளைத் தடுக்கும் வடிகட்டி) இருக்கிறது, ரேட் லிமிட் (கோரிக்கை எண்ணிக்கைக் கட்டுப்பாடு) இருக்கிறது." சேவை முடக்கம் என்றாலே லட்சக்கணக்கான கோரிக்கைகள் வந்து குவியும் என்ற நினைப்பு. தயவுசெய்து அதை விடுங்கள். 10 லட்சம் இலக்கம் 1 எம்பிகூட இல்லை; முன்னால் நிற்கும் என்ஜின்எக்ஸ் வெப் சர்வரின் இயல்பான அமைப்பே அதை உள்ளே விடும். ஃபயர்வாலுக்கு அது ஒழுங்கான ஜேசன் (தரவு அனுப்பும் எழுத்து வடிவம்), வயது என்ற இடத்தில் ஒரு எண், அவ்வளவுதான். ஒரு ஐபிக்கு நிமிடத்துக்கு 60 கோரிக்கை என்று கட்டுப்படுத்தியிருக்கிறீர்களா? அந்த 5 விநாடிக் கணக்குப்படி 60 × 5, ஒரே நிமிடத்தில் 300 விநாடி வேலை. ஒரே ஆள் ஐந்து வொர்க்கர்களை (கோரிக்கைகளைக் கவனிக்கும் ப்ராசஸ்களை) முழுநேரமும் கட்டிப்போடலாம். எழுத்தை எண்ணாக மாற்றி முடிக்கும்வரை அதே ப்ராசஸின் மற்ற த்ரெட்களும் நகராது.

"வயது 120-க்குள் இருக்கிறதா என்று சரிபார்க்கிறோமே?" என்பார்கள். சரிபார்ப்பது எப்போது? ஜேசனைப் பிரித்து, எண்ணாக மாற்றி முடித்த பிறகு. அந்த 5 விநாடி அதற்குள் போய்விட்டது.

"என்கிரிப்ஷனுக்குப் பெரிய எண் வேண்டும்" என்பதும் சாக்குதான். என்கிரிப்ஷனில் பயன்படும் 4096 பிட் ஆர்எஸ்ஏ எண்ணுக்கு 1234 இலக்கம் போதும். அதற்கும் மேல் தேவைப்பட்டால் ஹெக்ஸில் (பதினாறடிமான எண் வடிவில்) அனுப்புங்கள். அங்கே இந்தச் சிக்கலும் இல்லை, வரம்பும் இல்லை.

அந்த வரியை நீக்குங்கள். எரர் வந்தால் பிடித்து 400 (கோரிக்கை தவறு) என்று திருப்பி அனுப்புங்கள். எண்ணை எழுத்தாக்கும்போதும் இதே கதைதான், அதனால் லாக் எழுதும் இடங்களையும் பாருங்கள். வரம்பைக் கூட்டியே ஆகவேண்டுமென்றால் ஒரு திட்டமான எண் கொடுங்கள், பூஜ்ஜியம் வேண்டாம். அந்த அமைப்பு ப்ராசஸ் முழுவதற்கும் பொருந்தும், உங்கள் ஒரு ஃபங்ஷனுக்கு மட்டுமல்ல. அப்புறம், நிரலில் தேடியதோடு நிறுத்தாதீர்கள். நிரலை ஓட்டும் சூழலை அமைக்கும் டாக்கர் கோப்பில் என்விரான்மென்ட் வேரியபிளாகவும் இதே பூஜ்ஜியத்தை எழுதி வைத்திருப்பார்கள்.