மாணவர் மேசையில் நிற்கும் இரண்டாவது பாட்டில்

வேதிப்பொருள்களின் லேபிள் விதிகள் மாறிக்கொண்டே இருக்கின்றன என்பது வேதியியல் ஆசிரியர்களுக்குத் தெரிந்ததுதான். அந்த மாற்றம் தங்கள் ஆய்வக அலமாரியில் எந்தப் பாட்டிலுக்கு வந்து சேர்கிறது, எதற்கு வந்து சேர்வதில்லை என்பதைத்தான் பலரும் கவனிப்பதில்லை. வடசென்னையில் தண்டையார்பேட்டையிலிருந்து எண்ணூர் வரையுள்ள மேல்நிலைப் பள்ளிகளின் ஆய்வகங்களைப் பாதுகாப்பு நோக்கில் பார்வையிடுவது என் பணி. கம்பெனியிலிருந்து புதிதாக வரும் மூல பாட்டிலின் லேபிளை, விதி மாறும்போது கம்பெனியே மாற்றிவிடும். அதிலிருந்து எடுத்து, தண்ணீர் சேர்த்து நீர்க்கச் செய்து, மாணவர் மேசையில் நாம் வைக்கும் இரண்டாவது பாட்டிலின் லேபிளை மாற்றுவதற்கு நம்மைத் தவிர வேறு எவரும் இல்லை. நான் காணும் குறைகளில் பெரும்பகுதி இந்த இரண்டாவது பாட்டிலில்தான் இருக்கிறது.

முதலில் விதிகள் எப்படி மாறின என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஒரே வேதிப்பொருளுக்கு நாட்டுக்கு ஒரு குறியீடு என்றிருந்த நிலையை மாற்ற வேண்டும் என்று 1992ஆம் ஆண்டு ரியோ புவி உச்சி மாநாட்டில் முடிவானது. அதன் விளைவாக ஐக்கிய நாடுகள் அவை 2003இல் வெளியிட்டதுதான் ஜி.ஹெச்.எஸ். எனப்படும் உலகளாவிய ஒத்திசைவு முறை. சிவப்பு ஓரமிட்ட சாய்சதுரத்துக்குள் கறுப்புப் படம், இரண்டு நிலைகளில் எச்சரிக்கைச் சொல், அபாய வாசகம், முன்னெச்சரிக்கை வாசகம், பொருளின் பெயர், விற்பவரின் முகவரி ஆகியவை அதன் உறுப்புகள். படக்குறிகள் மொத்தம் 9. இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை இம்முறை திருத்தப்படுகிறது. 10ஆவது திருத்தப் பதிப்பு 2023இல் வந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2008இல் இதைத் தன் சட்டத்துக்குள் கொண்டுவந்து, பழைய ஆரஞ்சு நிறச் சதுரக் குறிகளைப் படிப்படியாக நீக்கியது. பழைய லேபிளுடன் இருப்பில் இருந்த கலவைகளுக்கு அளித்த அவகாசம் 2017 ஜூனில் முடிந்தது. அமெரிக்கா 2012இல் இம்முறைக்கு மாறி, 2024இல் தன் விதிகளை மீண்டும் திருத்தியது.

ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் நடப்பது திருவொற்றியூர்ப் பள்ளிக்கு எதற்கு என்று ஒரு தலைமையாசிரியர் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்விதான். பாரிமுனையைச் சுற்றியுள்ள கடைகளிலிருந்து பள்ளிகள் பல ஆண்டுகளாகச் சிறிது சிறிதாக வாங்கிச் சேர்த்த பாட்டில்களில் அந்த மாற்றங்கள் அனைத்தும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து கிடக்கின்றன என்பதே அதற்கு என் பதில். ஒரே அலமாரியில் ஆரஞ்சுச் சதுரம் உள்ள பாட்டிலும், சிவப்புச் சாய்சதுரம் உள்ள பாட்டிலும், நீலம், சிவப்பு, மஞ்சள், வெள்ளை என நான்கு கட்டங்களில் எண் போட்ட அமெரிக்கத் தீயணைப்புச் சங்க முறையிலான பாட்டிலும் அருகருகே நிற்கின்றன. இந்த எண்கள் உண்மையிலேயே குழப்பம் தருபவை. நான்கு வண்ணக் கட்டத்தில் 4 என்பதுதான் மிகக் கொடியது. ஒத்திசைவு முறையில் வகை 1 என்பதுதான் மிகக் கொடியது. டைஎத்தில் ஈதர் எளிதில் தீப்பற்றும் என்பதை ஒரு முறை 4 என்றும் மற்றொரு முறை 1 என்றும் குறிக்கிறது. ஒன்றை மட்டும் படித்த மாணவி மற்றொன்றைப் பார்க்கும்போது கொடிய பொருளை எளிய பொருள் என்றே எண்ணுவாள். அதில் அவள் பிழை எதுவும் இல்லை.

வடசென்னைப் பிள்ளைகளுக்கு இதில் ஒரு வாய்ப்பும் உண்டு. மணலி, எண்ணூர்ச் சாலைகளில் செல்லும் டேங்கர் லாரிகளின் பின்புறத்தில், மத்திய மோட்டார் வாகன விதிகள் கேட்கும் அவசரத் தகவல் பலகையை அவர்கள் நாள்தோறும் காண்கிறார்கள். அதிலுள்ள நான்கு இலக்க எண், ஐக்கிய நாடுகள் அவை போக்குவரத்துக்காக வகுத்தது: 1203 என்றால் பெட்ரோல், 1005 என்றால் நீரற்ற அம்மோனியா, 1830 என்றால் அடர் கந்தக அமிலம். லாரியில் உள்ள சாய்சதுரத்தின் நிறம் அபாயத்துக்கு ஏற்ப மாறும். பாட்டிலில் உள்ளது வெள்ளைப் பரப்பில் சிவப்பு ஓரத்துடன் இருக்கும். இந்த வேறுபாட்டை ஒரு வகுப்பில் விளக்கினால், பள்ளிக்கு வரும் வழியெல்லாம் அவர்களுக்குப் பாடமாகிறது. 2023 டிசம்பர் 26 இரவு எண்ணூரில் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து மக்கள் வீடுகளை விட்டு வெளியேறிய பிறகு, இங்குள்ள எந்தப் பெற்றோருக்கும் இதன் தேவையை நான் எடுத்துச் சொல்ல வேண்டியிருந்ததில்லை.

இந்தியச் சட்டத்தின் நிலையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். போபாலுக்குப் பிறகு 1986இல் வந்த சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், 1989இல் அபாயகர வேதிப்பொருள்களின் உற்பத்தி, சேமிப்பு, இறக்குமதி பற்றிய விதிகள் வெளியாயின. அவற்றில் 17ஆவது விதி, கலனில் உள்ள பொருள் எது, தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவர் யார், அதன் இயல்புகளும் நச்சுத்தன்மையும் யாவை என்பவற்றை லேபிளில் தரச் சொல்கிறது. பொருளின் அபாயங்களை விளக்கும் பாதுகாப்புத் தரவுத் தாளையும் கேட்கிறது. இந்த விதிகள் தொழிற்சாலைகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. பள்ளி ஆய்வகத்தின் இரண்டாவது பாட்டிலை அவை நேரடியாகத் தொடுவதில்லை. ஆகவே உள்நாட்டு விதி மாறட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருப்பது பொருந்தாது. வாங்கும் பாட்டிலில் ஏற்கெனவே ஒத்திசைவு முறை வந்துவிட்டது. அதையே நம் பாட்டிலிலும் பின்பற்றுவதுதான் அறிவுடைமை.

பொருள் மாறாமலே அதைப் பற்றிய அறிவு மாறுவதுதான் லேபிள் மாறுவதற்கு முதன்மையான காரணம். உயிரியல் ஆய்வகத்தில் மாதிரிகளை ஊறவைக்கும் ஃபார்மலினை எடுத்துக்கொள்வோம். அதிலுள்ள ஃபார்மால்டிஹைடை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் தொகுதியில் பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2004இல் சேர்த்தது. ஐரோப்பிய லேபிளில் அது ‘புற்றுநோய் உண்டாக்குவதாக ஐயுறப்படுகிறது’ என்ற நிலையிலிருந்து ‘புற்றுநோய் உண்டாக்கலாம்’ என்ற நிலைக்கு உயர்ந்தது. 2014இல் செய்த அந்தத் திருத்தம் 2016இல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் வாங்கிய பாட்டில் இன்றும் பழைய வாசகத்தையே சொல்லிக்கொண்டிருக்கும். புற்றுநோய் போன்ற நீண்டகாலக் கேட்டை இன்று குறிக்கும், நெஞ்சில் விண்மீன் வெடித்த மனித உருவம் பழைய ஆரஞ்சு முறையில் கிடையாது. உடனே கொல்லும் நஞ்சுக்கும், ஆண்டுகள் கழித்துப் புற்றுநோய் தரக்கூடிய பொருளுக்கும் அதே மண்டை ஓட்டைத்தான் போட்டார்கள். பொட்டாசியம் டைகுரோமேட், காரீய உப்புகள் ஆகியவற்றின் பழைய பாட்டில்களைப் பார்க்கும்போது இதை நினைவில் கொள்ள வேண்டும். அமில-கார நிறங்காட்டியான பினாப்தலீனையும் ஐரோப்பியப் பட்டியல் புற்றுநோய் உண்டாக்கலாம் என்னும் வகையில் வைத்திருக்கிறது. ஒரு விழுக்காடும் அதற்கு மேலும் உள்ள கரைசலுக்கு அந்த வகைப்பாடு பொருந்தும். நிறங்காட்டியாகப் பயன்படுத்த அரை விழுக்காட்டுக் கரைசலே போதும். ஒரு லேபிளைக் கவனமாகப் படித்ததால் கரைசலையே பாதுகாப்பானதாக மாற்றிக்கொள்ள முடிகிறது.

இனி இரண்டாவது பாட்டிலுக்கு வருகிறேன். மாணவர் மேசையின் தட்டில் மூன்று பாட்டில்கள் இருக்கின்றன: நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம், நீர்த்த கந்தக அமிலம், நீர்த்த நைட்ரிக் அமிலம். மூன்றிலும் ‘நீர்த்த’ என்ற ஒரே சொல்தான் இருக்கிறது, செறிவு எழுதப்படவில்லை. மூன்றும் 2 மோலார் என்று கொள்வோம். எடை விழுக்காட்டில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஏறத்தாழ 7, நைட்ரிக் அமிலம் ஏறத்தாழ 12, கந்தக அமிலம் ஏறத்தாழ 17 ஆகும். ஐரோப்பிய ஒன்றியத்தின் எல்லைகளின்படி ஹைட்ரோகுளோரிக் அமிலம் தோலை உறுத்தும் பொருளாகக் கருதப்படுவது 10 விழுக்காட்டிலிருந்துதான். நைட்ரிக் அமிலம் 5 விழுக்காட்டிலிருந்தே தோலை அரிக்கும் பொருள். கந்தக அமிலம் 15 விழுக்காட்டிலிருந்து அரிக்கும் பொருள். ஆக ஒரே தட்டில், ஒரே சொல்லைத் தாங்கி நிற்கும் மூன்று பாட்டில்களில் இரண்டு கையையும் கண்ணையும் நிலையாகச் சேதப்படுத்தக் கூடியவை. அவற்றுக்கு அரிக்கும் பொருளின் படக்குறி கட்டாயம் வேண்டும். சோடியம் ஹைட்ராக்சைடு இன்னும் கடுமையானது. பருமனறி பகுப்பாய்வுக்கான 0.1 மோலார் கரைசல் 0.4 விழுக்காடுதான், உறுத்தல் எல்லையான அரை விழுக்காட்டுக்கும் கீழே. கரிமப் பகுப்பாய்வுக்கு வைத்திருக்கும் 10 விழுக்காட்டுக் கரைசலோ, 5 விழுக்காட்டில் தொடங்கும் மிகக் கடிய அரிப்பு வகையில் நன்றாகவே விழுகிறது. இரண்டு பாட்டிலிலும் வேதி வாய்பாட்டை மட்டும் எழுதி வைத்திருக்கும் ஆய்வகங்களைத்தான் நான் அடிக்கடி காண்கிறேன்.

மூல பாட்டிலின் லேபிளை நகலெடுத்து ஒட்டுவதும் இதற்குத் தீர்வாகாது. எல்லாப் பாட்டிலிலும் மிக உச்சமான எச்சரிக்கையே இருந்தால், மாணவர்கள் சில வாரங்களில் எதையும் படிக்காமல் விட்டுவிடுவார்கள். எந்தக் கரைசலுக்கு எந்த வகைப்பாடு என்பதைச் செறிவை வைத்து முடிவு செய்ய வேண்டும். அதற்கான எல்லைகள் பொதுவாகப் பாதுகாப்புத் தரவுத் தாளின் 2ஆவது, 3ஆவது பகுதிகளில் இருக்கும். நம் பாட்டிலில் பொருளின் முழுப்பெயர், செறிவு, படக்குறி, ஒரு வரியில் அபாயம், தயாரித்த நாள், தயாரித்தவரின் பெயரெழுத்து ஆகியவை தமிழில் இருக்க வேண்டும். சுருக்கப் பெயர் வேண்டவே வேண்டாம்: சோடியம் நைட்ரேட்டுக்கும், விழுங்கினால் நச்சாகும் சோடியம் நைட்ரைட்டுக்கும் இடையே ஓரெழுத்துத்தான் வேறுபாடு. ஆல்டிஹைடுகளைக் கண்டறிய உதவும் டாலன்ஸ் வினைபொருளுக்குச் சேமிப்பு லேபிளே கூடாது. நாள்பட வைத்தால் வெடிக்கக்கூடிய வெள்ளிச் சேர்மம் உருவாகும் என்பதால், அன்று செய்து அன்றே அழிக்க வேண்டும்.

செய்முறைத் தேர்வு மாதிரிகளைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும், ஏனெனில் இதை எவரும் குறையாகவே கருதுவதில்லை. உப்புப் பகுப்பாய்வில் மாணவருக்குப் பெயரில்லாமல் எண் மட்டும் இட்ட மாதிரி தரப்படுகிறது. பெயரை மறைப்பது தேர்வின் தேவை. அபாயத்தை மறைக்கத் தேர்வு கேட்கவில்லை. மாதிரிகளில் காரீயம், பேரியம் போன்றவற்றின் உப்புகள் இருந்தால், விடை வெளிப்படாதபடி எல்லா மாதிரிக் குழாய்களிலும் ‘நச்சு, கையால் தொடாதே, பின்பு கை கழுவு’ என்று பொதுவாக எழுதிவிடலாம். எந்தக் குழாயில் எந்த உப்பு என்ற பட்டியல் தேர்வாளரிடம் மட்டுமல்லாமல், முதலுதவி செய்பவரிடமும் மூடிய உறையில் இருக்க வேண்டும்.

காசிமேடு, திருவொற்றியூர் போன்ற கடலோரப் பகுதிகளில் உப்புக் காற்றும் அமில ஆவியும் சேர்ந்து தாள் லேபிளை விரைவில் உரித்துவிடுகின்றன. பந்துமுனைப் பேனா மை வெளிறிவிடும்; பென்சிலால் எழுதி, மேலே ஒளிபுகும் டேப்பை ஓரம் தாண்டி ஒட்டினால் பல ஆண்டுகள் நிற்கும். வியாசர்பாடி, புளியந்தோப்பு போன்ற தாழ்வான இடங்களில் தரைத்தளத்தில் உள்ள ஆய்வகங்கள் மழைக்காலத்துக்கு முன் கீழ்த்தட்டைக் காலி செய்ய வேண்டும். 2015 வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் சென்னையின் தரைத்தளங்களில் தண்ணீர் நின்றதை நாம் அறிவோம்; லேபிள் கரைந்த பாட்டிலை முகர்ந்து பார்த்துக் கண்டறிய முயல்வது மிக ஆபத்தான செயல். அதை அடையாளம் தெரியாத பொருளாகவே ஒதுக்கிவைக்க வேண்டும்.

இத்தனையையும் செய்யப்போவது யார் என்ற இடத்தில்தான் பள்ளிகள் தடுமாறுகின்றன. அமிலத் தாக்குதல் வழக்கில் 2013 ஜூலையில் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவு இதற்கு ஒரு வழியைத் திறந்துவைத்திருக்கிறது. அமிலம் வைத்திருக்கும் கல்வி நிறுவனங்கள் அதன் பயன்பாட்டுக்குப் பதிவேடு வைக்க வேண்டும், அதைக் காப்பதற்கு ஒருவரைப் பொறுப்பாக்க வேண்டும், ஆய்வகத்தை விட்டு வெளியேறுவோரைச் சோதிக்க வேண்டும் என்று அது சொல்கிறது. பதிவேடும் பொறுப்பாளரும் எப்படியும் இருக்க வேண்டியவர்கள் என்னும்போது, அதே பதிவேட்டில் லேபிளுக்கும் ஒரு பத்தியைச் சேர்ப்பது கூடுதல் சுமையாகாது. ஜூன் மாதத்தில் பள்ளி திறக்கும் முன், ஒவ்வொரு பொருளின் தரவுத் தாளையும் கம்பெனியின் இணையதளத்திலிருந்து புதிதாக இறக்கி, அதன் திருத்த நாளைப் பழைய தாளுடன் ஒப்பிட வேண்டும். நாள் மாறியிருந்தால் 2ஆவது பகுதியை மட்டும் படித்தால் போதும். வகைப்பாடு மாறியிருந்தால் இரண்டாவது பாட்டில்கள் எல்லாவற்றுக்கும் புதிய லேபிள். ஆய்வக உதவியாளருக்கு இதற்கென்று வகுப்பில்லாத இரண்டு முழு நாள்களைத் தலைமையாசிரியர் எழுத்தில் ஒதுக்கித் தர வேண்டும். இடைவேளைகளில் பார்த்துக்கொள்ளச் சொன்ன பள்ளிகளில் இது நடந்ததை நான் கண்டதில்லை.

ஒப்பிடும்போது வேண்டாதவையும் அடையாளம் தெரியாதவையும் எப்படியும் மிஞ்சும். அவற்றைக் கழிவுநீர்த் தொட்டியில் ஊற்றினால், அவை ஓட்டேரி நல்லா என்னும் கால்வாய் வழியாகவோ பக்கிங்காம் கால்வாய் வழியாகவோ நம் பிள்ளைகளின் தெருக்களையே கடந்து செல்லும். அபாயகரக் கழிவுகளுக்கென 2016இல் வந்த விதிகள் உள்ளன. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் அத்தகைய கழிவுகளைக் கையாளும் நிலையமும் உள்ளது. தனிப் பள்ளி ஒன்று சில கிலோவுக்காக அங்கு ஏற்பாடு செய்வது கடினம். ஒரே வட்டாரத்துப் பள்ளிகள் பட்டியலைச் சேர்த்து, மாவட்டக் கல்வி அலுவலகத்தின் வழியாக மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தை அணுகுவதே நடைமுறைக்கு ஏற்றது. அதுவரை அந்தப் பாட்டில்கள் பூட்டிய தனி அலமாரியில், ‘பயன்படுத்தக் கூடாது’ என்ற வாசகத்துடனும் ஒதுக்கிய நாளுடனும் நிற்க வேண்டும்.