மியூசியம் ஃபடீக்: தமிழில் ‘காட்சி அயர்வு’

அருங்காட்சியகத்தையோ பழங்காலக் கட்டடத்தையோ சுற்றிப் பார்க்கிறவர்களுக்குப் போகப் போக ஆர்வம் வற்றிவிடுவதைத்தான் ‘மியூசியம் ஃபடீக்’ என்கிறார்கள். கண் பார்த்துக்கொண்டிருக்கும், மனசில் ஒன்றும் ஏறாது.

கொடைக்கானல் மலையில், 1895-ல் சேசு சபையினர் தொடங்கிய செண்பகனூர் அருங்காட்சியகத்தில் இதை நேராகவே பார்க்கலாம். முதல் கண்ணாடிப் பெட்டியின் முன் நின்று, பெயர்ச்சீட்டைப் படித்துப் பிள்ளைக்கு விளக்குவார் அப்பா. பாடம் செய்த விலங்குகள், பூச்சிகள் என்று சில வரிசை தாண்டியதும் அதே அப்பா நடந்துகொண்டே பார்ப்பார். அப்புறம் “சரி, போலாமா?” என்பார். வேன் டிரைவர் அரை மணி நேரம்தான் கொடுத்திருப்பார். தூண் பாறையும் பைன் காடும் இன்னும் பாக்கி. அவசரத்தில் வருகிறவருக்கு ஆர்வம் இன்னும் சீக்கிரம் வற்றும்.

சொல்லைப் பரப்பியவர் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் பணியாற்றிய பெஞ்சமின் ஐவ்ஸ் கில்மன். 1916-ல் எழுதிய கட்டுரையில் அவர் செய்தது அருமையான வேலை. காட்சிப் பொருள்களைப் பற்றிச் சில எளிய கேள்விகளை ஒருவரிடம் கொடுத்து, பொருள்களைப் பார்த்துப் பதில் சொல்லச் சொன்னார். அதற்காக அந்த மனிதர் குனிந்ததையும் குந்தியதையும் கழுத்தை வளைத்ததையும் படம் பிடித்து வெளியிட்டார். குறை பார்க்கிறவரிடம் இல்லை, பொருளை வைத்திருக்கும் விதத்தில் இருக்கிறது என்பது அவர் வாதம். நம் ஊர்ப் பெட்டிகளுக்கும் அது அப்படியே பொருந்தும்.

ஆனால் உடம்பு மட்டும் காரணமில்லை. 1928-ல் அமெரிக்க உளவியலாளர் எட்வர்டு ராபின்சன், ஆட்களை உட்கார வைத்தே படங்களை வரிசையாகக் காட்டிப் பார்த்தார். அப்போதும் ஆர்வம் குறைந்தது. ஒரே வகைப் பொருளைத் தொடர்ந்து பார்த்தால் மனமும் மழுங்கும்.

தமிழில் எப்படிச் சொல்வது? ‘சலிப்பு’ என்றால் பழி பார்வையாளர் மேல் விழுகிறது. ‘களைப்பு’ உடம்போடு நின்றுவிடும். ‘அருங்காட்சியகச் சோர்வு’ தப்பில்லை, ஆனால் நீளம். கோட்டைக்கும் கோயிலுக்கும் பொருந்தாது. ‘அயர்வு’தான் சரி என்பேன். அயர்தல் என்றால் தளர்தல். மறத்தல் என்றும் பழைய பொருள் உண்டு. பேச்சில் உயரம் ஒசரமாகவும் முயல் மொசலாகவும் ஆவதுபோல, அயர்ந்து என்பதும் ‘அசந்து’ ஆகிவிட்டது. ‘அசந்து மறந்து’ என்று நாம் இரண்டையும் சேர்த்தே சொல்கிறோமே! கால் தளர்வது, கவனம் நழுவுவது, பார்த்தது மறப்பது எல்லாம் இந்த ஒரே சொல்லில் அடங்கும்.

இந்த அயர்வு எல்லாரையும் ஒரே மாதிரி பிடிப்பதில்லை. வந்த நோக்கத்தை வைத்துப் பார்வையாளர்களை ஐந்து வகையாகப் பிரித்தார் அமெரிக்க ஆய்வாளர் ஜான் பால்க்: தானாகத் தேடிப் பார்க்கிறவர், பிள்ளைகளுக்காகவோ விருந்தாளிக்காகவோ வருகிறவர், ‘கொடைக்கானல் வந்தும் இதைப் பார்க்காமலா?’ என்று வருகிறவர், துறை சார்ந்தவர், மனசு ஆற வருகிறவர். இது மாறாத குணம் இல்லை என்பதையும் அவர் அழுத்திச் சொன்னார். போன மாதம் பிள்ளைகளுக்காக ஓடிய அதே அம்மா, இன்று தனியாக வந்தால் பட்டாம்பூச்சிப் பெட்டி ஒன்றின் முன்னாலேயே நிற்கலாம். அவருக்கு அயர்வு மெதுவாகத்தான் வரும். கல்திட்டைகளில் (பழங்கால ஈமச்சின்னங்களில்) கிடைத்த பழம்பொருள்களை மட்டும் தேடி வருகிற தொல்லியல் மாணவருக்கு மற்ற அறைகளில் அயர்வு வர நேரமே இருக்காது.

எழுத்தில் இப்படிப் புழங்கலாம்: ‘காட்சி அயர்வு தட்டாமல் இருக்க ஒவ்வோர் அறையிலும் ஒரு பெஞ்சு போட வேண்டும்.’ ‘சின்னப் பிள்ளைகளுக்குக் காட்சி அயர்வு சீக்கிரம் வரும், இரண்டு அறையோடு நிறுத்துங்கள்.’ பேச்சில் ‘பாதியிலேயே அசந்துட்டேன்’ என்றாலே போதும்.