இதயத்துக்கும் ரத்தம் வேண்டும்

ஆஞ்சியோகிராம் படத்தைக் காட்டி, இதயத் தசைக்குப் போதிய ரத்தம் செல்லவில்லை என்று விளக்கும்போது, பலரும் என்னிடம் கேட்கும் கேள்வி இது: "எந்நேரமும் ரத்தம் நிறைந்திருக்கும் இதயத்துக்கே ரத்தம் போதவில்லையா, டாக்டர்?" மிகவும் நியாயமான கேள்வி. விடை தெரிந்தால் நெஞ்சுவலியை எவரும் எளிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள் என்று நம்புகிறேன்.

உடலெங்கும் ஆக்சிஜனைக் கொடுத்துவிட்டுத் திரும்பும் ரத்தம் இதயத்தின் வலது மேலறைக்கு வந்து, வலது கீழறையில் இறங்கி, அங்கிருந்து நுரையீரலுக்குச் செல்கிறது; ஆக்சிஜன் ஏற்றப்பட்டு இடது மேலறைக்குத் திரும்பும் அந்த ரத்தத்தை இடது கீழறை மகாதமனி என்னும் பெரிய ரத்தக்குழாய் வழியாக உடல் முழுவதற்கும் அனுப்புகிறது. ஓய்வாக இருக்கும்போதே துடிப்பு ஒன்றுக்குச் சுமார் 70 மில்லிலிட்டர், நிமிடத்துக்கு ஏறத்தாழ 5 லிட்டர் ரத்தம் வெளியேறுகிறது. இந்தப் பளுவைத் தாங்குவதற்காகவே இடது கீழறையின் சுவர் வலதைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு தடித்திருக்கிறது.

அத்தனை தடித்த சுவருக்குள் அறையிலுள்ள ரத்தம் ஊறிச் செல்ல முடியாது. உட்புறத்து மெல்லிய படலம் மட்டுமே அதனால் பயன்பெறும். தசைக்கான ரத்தம், மகாதமனி தொடங்கும் இடத்தில், வால்வுக்குச் சற்று மேலே பிரியும் இரண்டு கரோனரி தமனிகள் வழியாகத்தான் வர வேண்டும். இதயம் தன்மீது ஓடும் குழாய்களிலிருந்தே ஊட்டம் பெறுகிறது என்பதை, 13-ஆம் நூற்றாண்டிலேயே இப்னு அல்-நஃபீஸ் என்ற மருத்துவர் எழுதியிருக்கிறார் என்பது இன்றும் எனக்கு வியப்பளிக்கிறது.

மற்ற உறுப்புகளுக்கு இதயம் சுருங்கும்போது ரத்தம் பாய்கிறது. இடது கீழறையின் தசையிலோ, சுருங்கும் கணத்தில் அதன் ஊடே செல்லும் குழாய்களே நசுங்கிவிடுவதால், பெரும்பாலான ரத்தம் அது தளரும்போதுதான் வந்து சேர்கிறது. துடிப்பு வேகமெடுத்தால் முதலில் குறைவது இந்தத் தளர்வு நேரமே. மேலும், தன்னிடம் வரும் ரத்தத்திலிருந்து உடல் பொதுவாகக் கால் பங்கு ஆக்சிஜனை எடுக்க, இதயத் தசையோ ஓய்விலேயே 70 விழுக்காட்டுக்கும் மேல் எடுத்துவிடுகிறது. ஆகவே கூடுதல் ஆக்சிஜன் தேவைப்பட்டால் கூடுதல் ரத்தம் வந்தே ஆக வேண்டும்.

கொழுப்பு படிந்து கரோனரி தமனி குறுகிய ஒருவர் உட்கார்ந்திருக்கும்போது நலமாக இருப்பதும், மாடிப்படி ஏறினால் நெஞ்சு இறுகி, நின்றால் அது தணிவதும் இதனால்தான். தணிந்துவிட்டதே என்று ஆறுதல் அடைவது ஆபத்தானது. அந்தப் படிவு வெடித்து, அதன்மேல் ரத்தம் உறைந்து குழாய் முழுவதும் அடைபட்டால், அரை மணி நேரத்துக்குள்ளாகவே தசை மடியத் தொடங்கும். மடிந்த தசை மீண்டும் வளர்வதில்லை.

நெஞ்சின் நடுவே அழுத்தம், கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, காரணமற்ற வியர்வை, மூச்சுத்திணறல் ஆகியவை தோன்றினால் வாயுத் தொல்லை என்று நீங்களே முடிவு செய்துவிடாதீர்கள். நீரிழிவு உள்ளவர்களுக்கும் முதியவர்களுக்கும் வலியே இல்லாமல் களைப்பும் மூச்சிரைப்பும் மட்டுமே இருக்கலாம். முதல் இ.சி.ஜி. இயல்பாக இருப்பதும் மாரடைப்பு இல்லை என்பதற்குச் சான்றாகாது. அதைத் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்ப்பதும், இதயத் தசை சேதமடைந்தால் ரத்தத்தில் கசியும் ட்ரோபோனின் என்ற புரதத்துக்கான ரத்தப் பரிசோதனை செய்வதும் இதற்காகவே. மருத்துவமனைக்கு வரும்போது தயவுசெய்து நீங்களே வண்டி ஓட்டி வராமல் ஆம்புலன்ஸை அழையுங்கள்; முதல் சில மணி நேரத்தில் இதயத்துடிப்பு திடீரெனத் தாறுமாறாகிவிடக்கூடும், அப்போது உயிர்காக்கும் மின்அதிர்ச்சியை உடனே கொடுக்க அருகில் கருவியும் பயிற்சி பெற்றவரும் இருந்தாக வேண்டும்.