இங்கிலாந்தில் நெஞ்செரிச்சல் மருந்தும் மருந்துச்சீட்டுக் கட்டணமும்

இங்கிலாந்தில் என்எச்எஸ் (அரசின் பொது மருத்துவ சேவை) குடும்ப மருத்துவர் எழுதித் தரும் ஒவ்வொரு மருந்துக்கும் மருந்தகத்தில் 9.90 பவுண்டு கட்ட வேண்டும். 2024 மே மாதம் நடைமுறைக்கு வந்த இக்கட்டணம் 2025-26இலும் உயர்த்தப்படவில்லை. (வேல்ஸ், ஸ்காட்லாந்து, வட அயர்லாந்தில் கட்டணமே கிடையாது.) பெட்டியில் 7 மாத்திரை இருந்தாலும் 56 இருந்தாலும், நெஞ்செரிச்சலுக்குத் தரும், வயிற்று அமிலத்தைக் குறைக்கும் ஒமிப்ரசோல் 10 மில்லிகிராமாக இருந்தாலும் 40 ஆக இருந்தாலும் தொகை ஒன்றே. ஆகவே, ஆண்டுக்கணக்கில் இம்மருந்தை எடுப்பவர் எண்ண வேண்டியது, வருடத்தில் எத்தனை முறை அந்தக் கட்டணம் விழுகிறது என்பதைத்தான்.

மருத்துவர்கள் பின்பற்றும், நைஸ் என்ற அரசு சிகிச்சைத் தர அமைப்பின் வழிகாட்டுதல் (2014), நெஞ்செரிச்சலை உண்டாக்கும் அமில எதுக்களிப்புக்கு முதலில் 4 அல்லது 8 வாரம் முழு அளவு மருந்து தரச் சொல்கிறது. தொந்தரவு திரும்பினால், அதை அடக்கும் மிகக் குறைந்த அளவுக்கு இறக்கலாம். எரிச்சல் வரும் நாளில் மட்டும் போட்டுக்கொள்ளும் முறையையும் மருத்துவருடன் பேசி முடிவுசெய்யலாம்.

28 நாளுக்கு ஒருமுறை எழுதினால் வருடத்துக்கு 13 முறை, அதாவது 128.70 பவுண்டு. அதே மருந்தை 56 நாளுக்கு எழுதினால் 7 முறை, 69.30 பவுண்டு. தேவைப்படும்போது மட்டும் போட்டு, 28 மாத்திரை மூன்று மாதம் வந்தால் 39.60 பவுண்டோடு முடிந்துவிடும். தினமும் போடும் 20 மில்லிகிராமை 10 ஆகக் குறைப்பது மருத்துவ நோக்கில் நல்லதாக இருக்கலாம், ஆனால் நோயாளியின் பையில் ஒரு பென்னியும் மிஞ்சாது. இரவுக்கென்று காவிஸ்கான் என்ற நெஞ்செரிச்சல் திரவ மருந்தையும் சேர்த்து எழுதினால் அது தனி மருந்து. மாதாமாதம் இரண்டும் வாங்கினால் வருடத்துக்கு 257.40 பவுண்டு.

இத்தகையோருக்குத்தான் முன்பணச் சான்றிதழ். ஓராண்டுக்கு 114.50 பவுண்டு செலுத்தினால் எத்தனை மருந்தானாலும் வேறு கட்டணம் இல்லை. ஆண்டுக்கு 12 மருந்து வாங்கினாலே இது லாபம். மொத்தமாகக் கட்ட முடியாதவர்கள் பத்துத் தவணையில் வங்கிக் கணக்கிலிருந்து செலுத்தலாம்.

60 வயது நிறைந்தவர்களுக்குக் கட்டணமே இல்லை. சர்க்கரைக்கு மாத்திரை எடுப்பவர்கள் விலக்குச் சான்றிதழ் பெற்றிருந்தால், சர்க்கரை மருந்தோடு நெஞ்செரிச்சல் மருந்தும் இலவசம் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. எப்போதாவது வரும் எரிச்சலுக்கோ, என்எச்எஸ்ஸின் 2018 வழிகாட்டுதலின்படி, கடையிலேயே மருந்து வாங்கிக்கொள்ளுமாறுதான் பொதுவாகச் சொல்வார்கள்.

உணவுக்குழாயில் கடும் புண் இருந்தவர்களும், வலி மாத்திரையால் வயிறு புண்ணாகாமல் இருக்க இதை எடுப்பவர்களும் காசை எண்ணித் தாமாக மருந்தைக் குறைக்கக் கூடாது. மற்றவர்களுக்கும் திடீரென நிறுத்தினால் சில வாரம் எரிச்சல் கூடுதலாக வரலாம். மருத்துவரிடம் ஆண்டுக்கொருமுறை நடக்கும் மருந்து மறுபரிசீலனையில் கேட்டுக் குறைப்பதே முறை. விலக்குச் சான்றிதழ் வந்து சேருமுன் மருந்து வாங்க நேர்ந்தால், பணம் கட்டும்போதே எஃப்பி57 என்ற ரசீதைக் கேட்டு வாங்க வேண்டும். அதைப் பிறகு கேட்டால் தரமாட்டார்கள். அது இல்லாமல் பணமும் திரும்பாது.