புயல் அடித்த ஊருக்கு வீடு கட்டப் போகிறீர்களா? முதல் நாள் சுத்தியல் பையிலேயே இருக்கட்டும்

2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் கரையேறிய பத்தாம் நாள், கட்டுமானத் துறையில் இருக்கும் நாங்கள் ஒன்பது பேர் ஒரு வேனில் வேதாரண்யம் பக்கம் போய் இறங்கினோம். திருத்துறைப்பூண்டி தாண்டியதிலிருந்தே வண்டிக்குள் பேச்சில்லை. இரண்டு பக்கமும் தென்னை வேரோடு படுத்துக் கிடந்தது. காலை எட்டு மணிக்கு ஊருக்குள் போனோம், ஒன்பதரைக்கெல்லாம் முதல் வீட்டில் பாதிக் கூரையைப் பிரித்துவிட்டோம், சுறுசுறுப்பாம். பத்து மணிக்கு, நிவாரணப் பொருள் வாங்கப் போயிருந்த வீட்டுக்கார அம்மா திரும்பி வந்து தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "கணக்கெடுக்க ஆளு வர்றதுக்குள்ள பிரிச்சுப்புட்டீங்களே தம்பி!"

முழுச் சேதம், பகுதிச் சேதம் என்று நிவாரணத் தொகை மாறும். கிராம நிர்வாக அலுவலர் வந்து பார்க்கும்போது அங்கே சேதமே இல்லாமல், நாங்கள் ஒழுங்காக அடுக்கிவைத்த மூங்கில்தான் இருந்திருக்கும். நல்லவேளையாக, பக்கத்து வீட்டுப் பையன் புயலுக்கு மறுநாளே போனில் நாலு படம் எடுத்து வைத்திருந்தான், தப்பித்தோம். அன்றிலிருந்து எந்த ஊருக்குப் போனாலும் என் முதல் வேலை கேமராதான். நாலு மூலை, முகடு, சாய்ந்த சுவர், வீட்டுக்காரர் நிற்கிற மாதிரி ஒரு படம், அப்புறம்தான் மற்றதெல்லாம்.

இரண்டாவது வேலை, கேட்பது. அதே அம்மாவிடம் "முதலில் என்ன செய்யட்டும்?" என்றதற்கு அவர் கூரையைக் காட்டவில்லை. கொல்லையில் விழுந்து கிடந்த தென்னையைக் காட்டினார். கக்கூஸுக்கும் அடிபம்புக்கும் போகிற வழியை அது மறித்துக் கிடந்தது, பத்து நாளாக வீட்டுப் பெண்கள் இருட்டிய பிறகுதான் வெளியே போய் வருகிறார்கள். இது எந்த இன்ஜினியர் கண்ணிலும் படாது. (மரம் அறுக்கும் மெஷினைப் பழகாதவர் தொட வேண்டாம். வளைந்து நிற்கும் மரம் அறுபட்டதும் எந்தப் பக்கம் துள்ளும் என்று ஊர்க்காரருக்குத்தான் தெரியும்.) சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினத்தில் வெளியூரிலிருந்து வந்து குவிந்த பழைய துணிகளையும், உள்ளே உட்கார முடியாதபடி கொதித்த தார் ஷீட் கொட்டகைகளையும் பார்த்தவர்களுக்கு, கேட்காமல் செய்யும் உதவி எப்படி முடியும் என்று நான் சொல்வது புரியும்.

உடைந்து கிடக்கும் சிமெண்ட் ஷீட்டைப் பலரும் சாதாரண ஓடு என்று நினைத்துக் காலால் மிதித்து நொறுக்குகிறார்கள். அதில் பெரும்பாலானவை ஆஸ்பெஸ்டாஸ். உடைக்க உடைக்கக் கண்ணுக்குத் தெரியாத நார் பறக்கும், நுரையீரலுக்குள் போனால் பல வருஷம் கழித்துத்தான் வேலையைக் காட்டும். தண்ணீர் தெளித்து நனைத்துவிட்டு, முழுசு முழுசாகத் தூக்குங்கள். காய்ந்த துடைப்பத்தால் பெருக்காதீர்கள். மூக்கில் கட்டும் கைக்குட்டை இதற்கு உதவாது. ஊரிலிருந்து கிளம்பும் முன்பே டெட்டனஸ் தடுப்பு ஊசி (டிடி) போட்டுக்கொள்ளுங்கள், துருப்பிடித்த ஆணி யாரையும் விடுவதில்லை. எலிக்காய்ச்சலுக்கு மாத்திரை வேண்டுமா என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

சரி, கூரைக்கு வருவோம். காற்று கூரையை அமுக்கிப் பிய்ப்பதாக நினைக்கிறோம், உண்மையில் அது மேலே உறிஞ்சித் தூக்குகிறது. ஓரம், மூலை, முகடு இந்த மூன்றில்தான் இழுப்பு அதிகம். ஆனால் கொடுத்த நூறு ஷீட்டையும் எண்ணிப் போட்டோ எடுப்பவர்கள் போல்ட்டை எண்ணுவதில்லை. ஓர வரிசையில் ஜே போல்ட்டை (கொக்கி மாதிரி வளைந்த போல்ட்) நெருக்கமாகப் போடுங்கள், போல்ட் ஷீட்டின் மேட்டில் இறங்க வேண்டும், பள்ளத்தில் இறங்கினால் ஒழுகும். வாஷரை விட்டுவிட்டால் காற்றின் இழுப்பில் ஷீட் கிழிந்து, போல்ட் மட்டும் நிற்கும். தாழ்வாரத்தை ஒன்றரை அடிக்கு மேல் நீட்ட வேண்டாம். நிழலுக்காக நீட்டச் சொல்வார்கள், தனிப் பந்தலாகப் போட்டுக் கொடுங்கள், போனால் பந்தலோடு போகட்டும். அதைவிட முக்கியம், ஷீட்டை அதைத் தாங்கும் குறுக்குச் சட்டத்தோடும், சட்டத்தைச் சாய்வாக இறங்கும் கைமரத்தோடும், கைமரத்தைக் குத்துக்காலோடும் (நிற்கும் தூண்), குத்துக்காலைத் தரைக்குள் இருக்கும் கான்கிரீட்டோடும் விடாமல் பிணைப்பது. இரும்புப் பட்டையோ ஜிஐ (துத்தநாகம் பூசிய) கம்பியோ எதுவாக இருந்தாலும் நடுவில் ஒரு இடம் விட்டுப்போனால் கூரை அங்கேயே கழன்றுகொள்ளும். தாழ்வான வீடுகளைப் புயலுக்குத் தாங்கும்படி செய்ய ஐஎஸ் 15498 என்று இந்தியத் தர நிர்ணய அமைப்பின் வழிகாட்டியே 2004லிருந்து இருக்கிறது. தன்னார்வலர் வேனில் அதை யாரும் கொண்டுவந்து நான் பார்த்ததில்லை, நானும் முதல் தடவை கொண்டுபோகவில்லை.

ஊர்க் கொத்தனாரையும் தச்சரையும் கூலி கொடுத்துச் சேர்த்துக்கொள்ளுங்கள். புயலில் அவர்களுக்கும்தான் பிழைப்பு போயிருக்கிறது, நாம் கிளம்பிய பிறகு அந்தக் கூரைக்கு அவர்கள்தான் ஆள். எட்டு எம்எம் போல்ட் என்றால் பதிமூன்றாம் நம்பர் ஸ்பேனர் ஒன்றைக் கூரை போட்ட வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள். நாங்கள் விட்டுவிட்டு வந்ததை அந்த அம்மா அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்திருக்கிறார். ஐப்பசி பிறந்தால் மகனை ஏணியில் ஏற்றி, ஒவ்வொரு நட்டாக முடுக்கச் சொல்லிக் கீழே நின்று எண்ணுகிறாராம்.