மீட்டருக்கும் வீட்டுக்கும் நடுவில் புதையும் கேபிள்

சொந்த நிலத்தில் வீடு கட்டுகிறவர்கள் தரைக்கல் வாங்கக் கடை கடையாக ஏறி இறங்குகிறார்கள். ஆனால் வாசல் மதிலில் உள்ள மீட்டரிலிருந்து வீட்டு மின்பெட்டி வரை மண்ணுக்கடியில் ஓடும் கேபிளைக் கொத்தனார் பொறுப்பில் விட்டுவிடுகிறார்கள். பினாங்கின் சிம்பாங் அம்பாட், நிபோங் திபால் பக்கம் வயரிங் வேலை செய்யும் எனக்கு இதைப் பார்த்துப் பார்த்து மனம் பொறுக்கவில்லை. மின்சாரம் வழங்கும் தெனாகா நேஷனல் நிறுவனத்தின் பொறுப்பு மீட்டரோடு முடிகிறது. அதற்கப்பால் ஒவ்வோர் அடியும் உங்களுடையது.

நம் வீடுகளில் எர்த், அதாவது கசியும் மின்சாரத்தை மண்ணுக்குள் இறக்கும் இணைப்பு, பெரும்பாலும் நம் நிலத்தில் நாமே அடிக்கும் கம்பிதான். அதன் மின்தடை 10 ஓம் என்று வைத்துக்கொள்வோம்; அது நல்ல எர்த்தான். கேபிளின் உறை கிழிந்து, உள்ளே ஓடும் மின்கம்பி, கேபிளைச் சுற்றியுள்ள, எர்த்தோடு இணைந்த எஃகுக் கவசத்தைத் தொட்டுவிட்டால் எவ்வளவு மின்சாரம் மண்ணில் இறங்கும்? 230 வோல்ட்டை 10 ஓமால் வகுத்தால் 23 ஆம்பியர். 63 ஆம்பியர் பிரேக்கர் இதற்கு விழவே விழாது. வீட்டுப் பெட்டியிலுள்ள ஆர்சிசிபியும், அதாவது மின்கசிவை உணர்ந்து இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்சும், காப்பாற்றாது. தனக்குப் பின்னால் நடக்கும் கசிவுதான் அதற்குத் தெரியும். கேபிளோ அதற்கு முன்னால் கிடக்கிறது. அந்த எர்த்தோடு இணைந்த குளிர்பதனப் பெட்டி, சலவை இயந்திரம் எல்லாவற்றின் உடலிலும் ஆபத்தான மின்னழுத்தம் ஏறி நிற்கும். குழந்தைகள் வெறுங்காலோடு நடமாடும் வீட்டில் இதை எப்படி விட்டுவைப்பது?

ஆகவே மீட்டர் முனையிலும் ஓர் ஆர்சிசிபி வையுங்கள். அது நேரத் தாமதத்துடன் இயங்கும் வகையாக இருக்கட்டும். வீட்டுக்குள் கோளாறு என்றால் உள்ளே இருப்பது முதலில் விழும். கேபிளில் கோளாறு என்றால் வாசலில் இருப்பது விழும்.

சிம்பாங் அம்பாட்டில் ஓர் அம்மா அழைத்திருந்தார். "தம்பி, ஊருக்குப் போயிருந்தோம், வீடு பூட்டியே கிடந்தது. பில் மட்டும் குறையவில்லை" என்றார். வீட்டின் மெயின் சுவிட்சை இறக்கிவிட்டு வாசலுக்குப் போனோம். மெயின் அணைந்தும், மின்சாரம் ஓடுவதைக் காட்டும் மீட்டரின் சிறு விளக்கு துடித்துக்கொண்டிருந்தது. கேட் தூணருகே தோண்டினால், தண்ணீர்க் குழாய்க்குள் சாதாரண வயர். நீளம் போதாமல் நடுவில் முறுக்கிக் கருப்பு டேப் சுற்றியிருந்தார்கள். குழாய் நிறையச் சேற்று நீர். செம்பில் பச்சை பூத்திருந்தது. ஒரே ஓர் ஆம்பியர் கசிந்தால்கூட மாதத்துக்கு 165 யூனிட் மண்ணுக்குப் போகும். மெயினை இறக்கி மீட்டரைப் பார்க்கும் சோதனையை உங்கள் வீட்டிலும் செய்து பாருங்கள்.

பள்ளத்தில் போட வேண்டியது எஃகுக் கவசக் கேபிள். நடுவில் இணைப்பே கூடாது. இரண்டடிக்குக் குறையாத ஆழம், கீழும் மேலும் மணல், அதற்கு மேல் எச்சரிக்கை நாடா. கவசத்தை கிளாண்ட் (கேபிள் முனையை இறுக்கிப் பிடிக்கும் உலோகப் பூட்டு) போட்டு எர்த்தில் இணைக்க வேண்டும். வீடு உள்ளே தள்ளியிருந்தால் கேபிளின் பருமனையும் கணக்கிடுங்கள். 40 மீட்டர் தூரம், 50 ஆம்பியர் சுமை என்றால் 10 சதுர மில்லிமீட்டர் செம்பில் சுமார் 9 வோல்ட் இழப்பு. 16இல் சுமார் 6.

தெருக் கம்பத்திலிருந்து மீட்டர் வரையும் நிலத்தடி இணைப்பு வேண்டுமென்றால், பதிவு பெற்ற மின் குத்தகையாளர் மூலம் கூரை ஏறும் முன்பே விண்ணப்பியுங்கள்.

பள்ளத்தை மூடுவதற்கு முன், எரிசக்தி ஆணையத்தில் பதிவு பெற்ற வயர்மேன் 500 வோல்ட்டில் காப்புச் சோதனை (கம்பிகளின் உறை மின்சாரத்தைக் கசியவிடாமல் தடுக்கிறதா என்ற சோதனை) செய்ய வேண்டும். விதி கேட்பது குறைந்தது 1 மெகாஓம். புதுக் கேபிள் அதைவிடப் பன்மடங்கு காட்ட வேண்டும், இல்லையென்றால் அங்கேயே நிறுத்துங்கள். மண் மூடிய பிறகு, கார் நிறுத்துமிடத்துக்கு சிமெண்ட் போடும் முன் இன்னொரு முறை சோதியுங்கள். மண்வெட்டி பட்ட காயம் அப்போதுதான் தெரியவரும். அளவு நாடாவை வைத்துப் பள்ளத்தைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அதே பள்ளத்தில் கயிறு கோத்த வெற்றுக் குழாய் ஒன்றையும் போட்டுவிட்டால், நாளை தானியங்கிக் கேட்டுக்கோ மின்கார் சார்ஜருக்கோ தரையை உடைக்க வேண்டியதில்லை.