மடக்குக் கத்தியின் மூட்டு

மடக்குக் கத்தி என்பது ஏற்கெனவே உடைந்த கத்தி. கத்திப் பிரியர்கள் அடிக்கடி சொல்லும் பேச்சு இது. கேட்கக் கொஞ்சம் கடுமையாக இருந்தாலும் இயந்திரவியல்படி சரிதான். நேர்க்கத்தியில் அலகும் பிடிக்குள் போகும் வாலும் ஒரே எஃகுத் துண்டு. மடக்குக் கத்தியிலோ, சுமை அதிகம் விழும் இடத்திலேயே அது இரண்டாகப் பிரிக்கப்பட்டு, ஒரு சின்ன ஆணியால் கோக்கப்பட்டிருக்கிறது. பைக்குள் அடங்க வேண்டுமே, அதற்குக் கொடுத்த விலை அது. கத்தி வாங்கப் போகிறவர் எஃகின் பெயரையும் பிடியின் அழகையும் பார்ப்பதற்கு முன்னால் அந்த ஆணியையும் அதைச் சுற்றியுள்ள ஏற்பாட்டையும் பார்க்க வேண்டும். அந்தக் கத்தி எதற்கு உதவும், எதற்கு உதவாது என்பது அங்கேதான் முடிவாகிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். அலகின் நுனி ஆணியிலிருந்து 8 செ.மீ. தள்ளி இருக்கிறது என்று வையுங்கள். அலகு மடங்காமல் தடுக்கும் பூட்டு, ஆணியிலிருந்து அரை செ.மீ. தூரத்தில்தான் இருக்கும். கத்தியே சின்னது, அதற்கு மேல் இடம் கிடையாது. நுனியில் 5 கிலோ எடைக்குச் சமமான விசை மடக்கும் திசையில் விழுந்தால், பூட்டின் மீது விழுவது அதைப் போல 16 மடங்கு, அதாவது 80 கிலோ. கைப்பிடி பக்கம் ஒரு விரலால் தள்ளினாலே திறக்கிற கதவு, கீல் ஓரத்தில் தள்ளினால் முழு பலத்தைக் கொடுத்தாலும் முரண்டு பிடிக்கும். அதே நெம்புகோல் விதிதான் இங்கே கத்திக்கு எதிராக வேலை செய்கிறது.

அப்படியானால் மடக்குக் கத்தி தினமும் ஆயிரக்கணக்கான விரல்களை வெட்ட வேண்டாமா? அப்படி நடக்காததற்குக் காரணம் விசையின் திசை. கயிற்றை அறுக்கிறீர்கள், அட்டைப்பெட்டியைப் பிரிக்கிறீர்கள், மாங்காய் நறுக்குகிறீர்கள். எல்லாவற்றிலும் கூர்ப்பக்கம் பொருளை அழுத்துகிறது, பொருள் கூர்ப்பக்கத்தைத் திருப்பி அழுத்துகிறது. அந்த எதிர்விசை அலகை இன்னும் திறக்கப் பார்க்குமே தவிர மடக்காது. முழுதாகத் திறந்த அலகு ஏற்கெனவே ஒரு தடுப்பில் முட்டிக்கொண்டு நிற்பதால் மேற்கொண்டு போக முடியாது. சுமையைத் தாங்குவது அந்தத் தடுப்பு. பூட்டு சும்மா இருக்கிறது.

அதனால்தான் மனிதர்கள் வெகுகாலம் பூட்டே இல்லாத மடக்குக் கத்தியோடு நிம்மதியாக இருந்தார்கள். ஆஸ்திரியாவின் ஹால்ஸ்டாட்டில் கிடைத்த எலும்புப் பிடி மடக்குக் கத்தி கி.மு. 6-ஆம் நூற்றாண்டை ஒட்டியது. ஜப்பானில் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் உருவாகி இன்றும் விற்கிற ஹிகோனோகாமி கத்திக்கும் பூட்டு இல்லை. அலகின் வாலிலிருந்து ஒரு சின்ன நெம்பு நீட்டிக்கொண்டிருக்கும், வெட்டும்போது கட்டைவிரலால் அதை அழுத்திக்கொள்ள வேண்டும். பிரான்சின் சவோய் மலைப்பகுதியில் ஜோசப் ஓபினெல் 1890-இல் செய்யத் தொடங்கிய உழவர் கத்தியும் இறுக்கமான மரப்பிடியின் உராய்வை நம்பித்தான் 65 ஆண்டுகள் ஓடியது. சுவிட்சர்லாந்தின் இபாக் ஊரில் கார்ல் எல்செனர் 1891-இல் சுவிஸ் ராணுவத்துக்குக் கொடுக்க ஆரம்பித்த கத்தியில் பூட்டுக்குப் பதிலாக ஒரு பின்வில் இருந்தது. அலகின் வாலை அந்த வில் அழுத்திப் பிடிக்கும், கையால் ஓங்கி மடக்கினால் விட்டுக்கொடுக்கும். 1897-இல் அவர் பதிவு செய்த அதிகாரிகள் கத்தியில் அதே வில் பிடியின் இரண்டு பக்கக் கருவிகளையும் தாங்கியது. ஒரே வில்லுக்கு இரட்டை வேலை கொடுத்த அந்த யோசனைதான் இத்தனை கருவிகளை அவ்வளவு சின்ன உடம்புக்குள் அடக்க வழி செய்தது.

பூட்டு தேவைப்படுவது வேறு வகை வேலையில். மரத்தில் மாட்டிக்கொண்ட அலகை ஆட்டி ஆட்டி இழுக்கும்போது, தோல் பெல்ட்டில் நுனியால் ஓட்டை போடும்போது, அலகின் முதுகு தற்செயலாக எதிலாவது இடிக்கும்போது விசை மடக்கும் திசைக்குத் திரும்பிவிடும். அங்கே மேலே சொன்ன 16 மடங்கு கணக்கு உயிர்பெறும்.

இந்தப் பிரச்சினைக்குக் கிடைத்த விடைகளில் எனக்கு மிகவும் பிடித்தது ஓபினெல் வளையம். 1955-இல் மார்செல் ஓபினெல் செய்தது. பிடியின் கழுத்தில் ஒரு உலோக வளையம், அதில் ஒரு பிளவு. பிளவு அலகுக்கு நேராக இருந்தால் கத்தி மடங்கும். வளையத்தைத் திருகினால் அதன் உடம்பு அலகின் வாலுக்குப் பின்னால் வந்து வழியை அடைத்துவிடும். வில் இல்லை, மெல்லிய பாகம் இல்லை. தேய்ந்தால் இன்னும் கொஞ்சம் திருகிக்கொள்ளலாம்.

இன்று கடைகளில் அதிகம் பார்ப்பது லைனர் லாக். 1980களின் தொடக்கத்தில் அமெரிக்கக் கத்தி வடிவமைப்பாளர் மைக்கேல் வாக்கர் இதை இன்றைய வடிவத்துக்குக் கொண்டுவந்தார். பிடிக்குள் இருக்கும் மெல்லிய எஃகுத் தகட்டில் ஒரு நாக்கு வெட்டி, அதை உள்நோக்கி வளைத்திருப்பார்கள். அலகு முழுதாகத் திறந்ததும் நாக்கு தானாகத் தாவி வாலுக்குப் பின்னால் நிற்கும். இதில் நுட்பம் வாலின் முகத்தில் இருக்கிறது. அதை நேராக வெட்டாமல் 8 பாகை அளவுக்குச் சாய்த்து வெட்டுவார்கள். மடக்கும் விசை வரும்போது அந்தச் சரிவு நாக்கைப் பக்கவாட்டில் வெளியே தள்ளப் பார்க்கும், இரண்டு எஃகு முகங்களுக்கு இடையிலான உராய்வு அதைப் போகவிடாமல் பிடிக்கும். 8 பாகையின் டேன்ஜென்ட், அதாவது அந்தச் சரிவின் உயரத்துக்கும் கிடைநீளத்துக்கும் உள்ள விகிதம், சுமார் 0.14. இரண்டு முகங்களும் எவ்வளவு உராய்கின்றன என்பதைச் சொல்லும் உராய்வுக் குணகம் அதைவிட அதிகமாக இருக்கும்வரை எவ்வளவு அழுத்தினாலும் நாக்கு நழுவாது. சாய்வைக் கூட்டினால் நழுவும். மிகவும் குறைத்தால் நாக்கு இறுகிப்போய் விரலால் விடுவிக்க வராது. ஆக, மலிவான கத்திக்கும் நல்ல கத்திக்கும் உள்ள வித்தியாசம் பல நேரம் இந்த ஒரு முகத்தை எவ்வளவு துல்லியமாகத் தேய்த்திருக்கிறார்கள் என்பதுதான். கிறிஸ் ரீவ் என்ற வடிவமைப்பாளர் பிடியின் சுவரையே தடித்த நாக்காக மாற்றினார். தத்துவம் ஒன்றே. பிடியின் முதுகில் அழுத்தி விடுவிக்கும் லாக்பேக் வகை 1960களில் அமெரிக்காவின் பக் நிறுவனத்தின் வேட்டைக் கத்தியால் பரவலானது. வலுவானது, ஆனால் மடக்க வழக்கமாக இரண்டு கை வேண்டும்.

சரி, தற்காப்பு. மடக்குக் கத்தி தேடுகிற பலர் மனதில் இருக்கும் கேள்வி இது. பயந்துபோய்க் கேட்கிறவரிடம் மழுப்பலாகப் பதில் சொல்வது நியாயமில்லை. இதற்காக மடக்குக் கத்தி வாங்காதீர்கள். அது தற்காப்புக்கு ஏற்ற கருவி இல்லை. காரணம் இதுவரை பார்த்த இயந்திரவியலிலேயே இருக்கிறது. போராட்டத்தில் விழும் விசைகள் திருகலும் பக்கவாட்டு அடியும் நுனி மோதலுமாகத்தான் இருக்கும். மூட்டு தாங்க முடியாத திசைகள் அவை. பெரும்பாலான மடக்குக் கத்திகளில் கை முன்னால் வழுக்காமல் தடுக்கும் தடுப்பு கிடையாது. வியர்த்த கை வழுக்கினால் போய் நிற்கும் இடம் சொந்தக் கத்தியின் கூர்ப்பக்கம்.

நேரக் கணக்கும் இதையே சொல்கிறது. 1983-இல் அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டி போலீஸ் பயிற்சியாளர் டென்னிஸ் ட்யூலர் ஒரு கணக்கை வெளியிட்டார். சாதாரண மனிதர் ஒருவர் 21 அடியை, அதாவது சுமார் ஆறரை மீட்டரை, ஒன்றரை விநாடியில் ஓடிக் கடந்துவிடுகிறார். பயிற்சி பெற்ற போலீஸ்காரர் உறையிலிருந்து துப்பாக்கியை எடுத்துச் சுடவும் அதே ஒன்றரை விநாடி ஆகிறது. இங்கே நாமோ பைக்குள் கை விட்டு, கத்தியை எடுத்து, நகப்பள்ளத்தையோ திறப்புத் துளையையோ தேடி, அலகைத் திறந்து, பூட்டு விழுந்ததா என்று பார்க்க வேண்டும். அச்சத்தில் அட்ரினலின் பாயும்போது முதலில் கைவிட்டுப் போவது விரல்களின் நுண்ணிய அசைவுகள். மடக்குக் கத்தியைத் திறக்கத் தேவைப்படுவதும் அவைதான். அப்புறம், கத்தி எட்டுகிற தூரத்தில் நீங்கள் இருந்தால் எதிரியின் கையும் உங்களுக்கு எட்டும். ஓடுவது, கூச்சலிடுவது, அவசர உதவி எண்ணான 112-ஐ அழைப்பது இவையெல்லாம் இடைவெளியைக் கூட்டுகின்றன. கத்தி இடைவெளியைக் குறைக்கிறது.

சட்டத்தையும் சேர்த்துப் பாருங்கள். இந்தியாவில் 2016 ஆயுத விதிகளின்படி 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகு ஆயுத வகையில் வரும், வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் செய்யப்பட்டவை விலக்கு. டெல்லியில் 1980-இல் வந்த அறிவிக்கை இன்னும் இறுக்கமானது. ஸ்பிரிங்கில் திறக்கும் பட்டன் கத்தியும் அதுபோன்ற பொறியமைப்புக் கத்திகளும் 7.62 செ.மீ. நீளத்தையும் 1.72 செ.மீ. அகலத்தையும் எட்டினால் பிரச்சினை. பிரிட்டனில் 1988 சட்டத்தின்படி 3 அங்குலத்துக்கு மேற்படாத மடக்குக் கத்தியைக் காரணம் சொல்லாமல் வைத்திருக்கலாம், ஆனால் பூட்டு இருந்தால் அது மடக்குக் கத்தியே ஆகாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. விரலைக் காக்கும் அதே பூட்டு அங்கே குற்றத்தின் அடையாளம். வெளிநாடு போகிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இனி வெட்டுதல். கத்தியின் உண்மையான வேலை இது, அறிவியலும் இங்கேதான் சுவையானது. கூர் என்பது அழுத்தத்தைச் சின்ன இடத்தில் குவிக்கும் வழி. விளிம்பின் அகலம் அரை மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு), பொருளைத் தொடும் நீளம் 1 செ.மீ. என்றால், 1 கிலோ எடை அளவுக்கு அழுத்தினாலே அங்கே உருவாகும் அழுத்தம் சாதாரணக் காற்றழுத்தத்தைப் போல சுமார் 20,000 மடங்கு. விளிம்பு மழுங்கி 20 மைக்ரானாக அகன்றால் அது 500 மடங்காக இறங்கிவிடும். ஈடுகட்ட நாம் பலத்தைக் கூட்டுவோம், கத்தி வழுக்கும், பூட்டுக்கு வேண்டாத சுமை ஏறும். மழுங்கின கத்தி கூர்மையான கத்தியைவிட ஆபத்தானது என்று சொல்வது இதனால்தான்.

அழுத்துவதைவிட இழுத்து அறுப்பது ஏன் எளிது என்பதையும் அளந்து பார்த்திருக்கிறார்கள். சென்னை ஐஐடியில் படித்து ஹார்வர்டில் பேராசிரியராக இருக்கும் எல். மகாதேவனும் அவர் சகாக்களும் 2012-இல் கடற்பாசியிலிருந்து எடுக்கும் அகர் கூழை மெல்லிய கம்பியால் வெட்டிப் பார்த்தார்கள். நேராக அமுக்கும்போது கூழ் முதலில் நசுங்குகிறது, வெகுநேரம் கழித்துத்தான் பிளக்கிறது. பக்கவாட்டில் இழுத்தபடி அமுக்கினால் மேற்பரப்பு இழுபட்டு, சின்ன விசையிலேயே பிளவு தொடங்கிவிடுகிறது. தக்காளி நறுக்கும் எல்லோருக்கும் கை அறிந்த விஷயம், அதன் கணக்கு இப்படி.

கூர் எப்படிப் போகிறது? தலைமுடியைவிட சவர அலகின் எஃகு சுமார் 50 மடங்கு கடினம். ஆனாலும் முடி அதை மழுங்கடிக்கிறது. 2020-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் எலக்ட்ரான் நுண்ணோக்கிக்குள் வைத்தே முடியை வெட்டிப் பார்த்தபோது, விளிம்பு தேயவில்லை, சின்னச் சின்ன செதில்களாக உடைகிறது என்று கண்டார்கள். முடி வளைந்து கோணலாக மோதும்போது, எஃகின் உள்ளமைப்பு சீராக இல்லாத இடத்தில் அந்த உடைவு தொடங்குகிறது. எஃகைச் சூடேற்றி எண்ணெயில் அமிழ்த்திக் கடினமாக்கியபின் மிதமான சூட்டில் மறுபடி பதப்படுத்துவது இந்த உடைவைக் குறைக்கத்தான். கடினத்தை விட்டால் கூர் நிற்காது, பதத்தை விட்டால் விளிம்பு உதிரும். எஃகின் கடினத்தை அளக்கும் ராக்வெல் அளவையில் சுவிஸ் கத்தி 56-இல் நிற்கிறது. சீக்கிரம் மழுங்கும், ஆனால் வீட்டுச் சாணைக்கல்லில் சில நிமிடத்தில் கூர் திரும்பிவிடும். 2001-இல் வந்த எஸ்30வி என்ற கத்தி எஃகில் 4 சதவீதம் வனேடியம் என்ற உலோகம். அது கார்பனோடு சேர்ந்து உருவாகும் மிகக் கடினமான கார்பைடு துகள்கள் கூரை வெகுநாள் காக்கும், கூர் தீட்டுவதற்கோ வைரத்தூள் பதித்த தீட்டுக்கல் கேட்கும். தமிழ்நாட்டின் மேல்சிறுவலூர் போன்ற ஊர்களில் மூசை எனும் மண்கலத்தில் உருக்கிய பழைய தென்னிந்திய எஃகுக்குப் பெயர் வாங்கித் தந்ததும் கார்பைடுகள்தான். அந்த வகை எஃகில் அவை வரிவரியாக அமைய மிகச் சிறிதளவு வனேடியமே போதும் என்று அமெரிக்க உலோகவியலாளர் வெர்ஹோவன் குழு 1990களில் காட்டியது.

ஆனாலும் எஃகின் பெயரில் மயங்கிவிட வேண்டாம் என்பேன். விளிம்பின் கோணமும் அதற்குப் பின்னால் அலகு எவ்வளவு மெல்லியது என்பதும் வெட்டும் திறனில் அதைவிடப் பெரிய பங்கு வகிக்கின்றன. பக்கத்துக்கு 15 முதல் 20 பாகை, மெல்லிய அலகு, 7 செ.மீ.க்கு உட்பட்ட நீளம் என்றால் அன்றாட வேலை அனைத்துக்கும் போதும். பழமும் பார்சலும் கயிறும்தான் வேலை என்றால் பின்வில் கத்தி போதுமானது. தோட்டத்திலும் மரத்திலும் வேலை இருந்தால் வளையமோ லைனர் லாக்கோ எடுங்கள். கடலோரத்தில் இருப்பவர்களுக்குக் குரோமியம் கலந்த துருப்பிடிக்காத எஃகு நல்லது. கடையில் கத்தியைத் திறந்து, அலகைப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். மூட்டில் ஆட்டம் தெரிந்தால் வைத்துவிடுங்கள். மூடிய கத்தியைத் தலைகீழாக உதறினால் அலகு வெளியே வரக் கூடாது.

வாங்கியபின் மூட்டுக்குள் மணலும் பழச்சாறும் சேராமல் கழுவி, உலர்த்தி, ஆணியில் ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம், குளிரில் உறைந்துவிடும், நாளாக நாளாகப் பிசுக்காகவும் ஆகும். தையல் மெஷின் எண்ணெய் நல்லது, பழம் வெட்டுகிறவர்கள் உணவுத்தர மினரல் ஆயில் வாங்கிக்கொள்ளலாம். லைனர் லாக் என்றால் அந்த எண்ணெய் நாக்கும் வாலும் சந்திக்கும் முகத்துக்கு வழிந்திருக்கிறதா என்று பார்த்து, வழிந்திருந்தால் சுத்தமாகத் துடைத்துவிடுங்கள். அங்கே பூட்டைப் பிடித்துவைத்திருப்பது உராய்வு.